செக் பண்ணினால் சரி என்கிறது, ஸ்டார்ட் பண்ணினால் விழுகிறது

கேள்வி: ஐயா, ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு 22.04 போட்ட சர்வரில் பைண்ட் 9 என்ற டிஎன்எஸ் மென்பொருள் (பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி சொல்வது) ஓடுகிறது. லேபில் இருக்கும் 60 கணினிகளுக்கும் அதுதான் டிஎன்எஸ். இரண்டு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. எந்தக் கணினியிலிருந்து என்னென்ன பெயர்களைத் தேடுகிறார்கள் என்று பார்க்க, போன வாரம் நெட்டில் கிடைத்த ஒரு லாகிங் பகுதியை கான்ஃபிக் ஃபைலில் சேர்த்தேன். லாக் விழ /வார்/லாக்/பைண்ட்9 என்று ஒரு ஃபோல்டரும் உருவாக்கினேன். ரீஸ்டார்ட் கொடுத்ததும் சர்வீஸ் படுத்துவிட்டது. கான்ஃபிக்கைச் சோதிக்கும் கட்டளை ஒரு தப்பும் சொல்லவில்லை. மைனஸ் ஜி போட்டு நானே கையால் ஓட்டினால் ஓடுகிறது! சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கட்டளையான சிஸ்டம்சிடிஎல் வழியாக ஸ்டார்ட் செய்தால்தான் ஃபெயில் ஆகிறது. எங்கோ ஒரு வரியில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று பார்த்தேன். ஃபோல்டருக்கு 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம் என்ற பெர்மிஷன்) கொடுத்தும் பயனில்லை. டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டை உபுண்டுவின் சொந்தப் பெயர் தேடும் சர்வீஸான சிஸ்டம்டி-ரிசால்வ்டி பிடித்துவைத்திருக்கும், அதை நிறுத்து என்கிறார் ஒரு நண்பர். பர்ஜ் செய்துவிட்டு (கான்ஃபிக்கோடு சேர்த்து அழித்துவிட்டு) புதிதாகப் போடு என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். முக்கியமாக, பர்ஜ் பக்கமே போகாதீர்கள். இரண்டு வருடமாக நீங்கள் சேர்த்து வைத்த கான்ஃபிக் அதோடு போகலாம். அப்புறம் புதிதாகப் போட்ட பைண்டில் அதே லாகிங் பகுதியை ஒட்டுவீர்கள், அதே இடத்தில் விழும்.

முதலில் லேபை எழுப்புங்கள். காரணம் தேடுவதெல்லாம் பிறகு. நீங்கள் சேர்த்த லாகிங் பகுதி முழுவதையும் கமெண்ட் ஆக்குங்கள். இந்த ஃபைலில் வரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடோ ஹேஷ் குறியோ போட்டால் அது கமெண்ட். ஸோன் ஃபைல் (ஒரு டொமைனின் பெயர்களும் முகவரிகளும் இருக்கும் ஃபைல்) எழுதிப் பழகியவர்கள் கைப்பழக்கத்தில் செமிகோலன் போட்டுவிடுவார்கள். ஸோன் ஃபைலில் அது கமெண்ட், கான்ஃபிக் ஃபைலில் அது முற்றுப்புள்ளி. இரண்டும் ஒரே மென்பொருள் படிக்கும் ஃபைல்கள்தான், இலக்கணம் மட்டும் வேறு. கமெண்ட் செய்ததும் ‘சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்ட் நேம்டி’ கொடுத்து, பிறகு ஸ்டார்ட் கொடுங்கள். பலமுறை விழுந்து எழுந்த சர்வீஸை சிஸ்டம்டி கொஞ்ச நேரம் தொடவே விடாது. ரீசெட் கொடுத்தால் அந்தக் கணக்கு அழிந்துவிடும். 60 கணினிகளும் பழையபடி பெயர் தேட ஆரம்பித்ததும் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், மீதியைப் பார்ப்போம்.

(நேம்டி என்பது பைண்டில் உண்மையில் ஓடும் நிரலின் பெயர், சர்வீஸின் பெயரும் அதுதான். பலர் ‘நேம்ட்’ என்கிறார்கள். நேம் டீமன் என்பதன் சுருக்கம் என்பதால் நேம்-டி என்பதுதான் முறை. ஊரே நேம்ட் என்கிறது, அதனால் சண்டைக்கு வரமாட்டேன். இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது நீங்கள் வழக்கமாகத் தட்டுகிறபடி தட்டிக்கொள்ளுங்கள்.)

உங்கள் கடிதத்தில் ஒரு வரிக்கு நீங்கள் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள்: மைனஸ் ஜி போட்டால் ஓடுகிறது! துப்பு அங்கேயேதான் இருக்கிறது. மைனஸ் ஜி என்பது, பின்னணிக்குப் போகாமல் முன்னாலேயே ஓடு, சொல்வதையெல்லாம் திரையிலேயே சொல் என்ற உத்தரவு. எல்லாமே திரைக்கு வருவதால் கான்ஃபிக்கில் இருக்கும் லாகிங் பகுதியை நேம்டி தன் லாகுக்குப் பயன்படுத்துவதில்லை. அப்படி ஓட்டியபோது திரையில் ஓடிய வரிகளைத் திரும்பப் பார்த்தீர்கள் என்றால், மைனஸ் ஜி இருப்பதால் கான்ஃபிக் ஃபைலின் லாகிங் பகுதியைப் பயன்படுத்தவில்லை என்று அதுவே ஒரு வரி எழுதியிருக்கும். ஆக, லாகிங் இல்லாமல் ஓடுகிறது, லாகிங்கோடு ஓட்டினால் விழுகிறது. போர்ட் தகராறாக இருந்தால் மைனஸ் ஜி போட்டாலும் அதே தகராறுதானே வந்திருக்க வேண்டும்?

சரி, அப்படியானால் சோதிக்கும் கட்டளை ஏன் வாயே திறக்கவில்லை? நேம்டி-செக்கான்ஃப் பார்ப்பது முக்கியமாக எழுத்துப் பிழையை: அடைப்புக்குறி மூடியிருக்கிறதா, செமிகோலன் இருக்கிறதா, தெரியாத ஆப்ஷன் ஏதாவது இருக்கிறதா. உங்கள் லாக் ஃபைலில் எழுத முயன்று பார்ப்பது அதன் வேலை இல்லை. அதோடு, அதை ஓட்டியது யார்? சூடோ போட்டு, ரூட்டாக, நீங்கள். சர்வீஸை ஓட்டுவது ‘பைண்ட்’ என்ற யூசர். ரூட்டாகத் தொடங்கும் நேம்டி தன் அதிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டு அந்தச் சாதாரண யூசராக மாறிக்கொள்கிறது. நீங்கள் சாவியோடு போய், கதவு திறக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். அது சாவி இல்லாமல் வந்து நிற்கிறது. சர்வீஸ் விழுந்து சோதனை மட்டும் ஜெயித்தால் நான் முதலில் செய்வது, ‘சூடோ மைனஸ் யு பைண்ட்’ என்று முன்னால் போட்டு அதே செக்கான்ஃபை அந்த யூசராக ஓட்டிப் பார்ப்பது. கான்ஃபிக் ஃபைல் ஒன்றை ரூட் மட்டும் படிக்கும்படி சேமித்து வைத்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அதுவும் மாட்டாது என்றே நினைக்கிறேன். 777 கொடுத்துவிட்டீர்கள். பைண்ட் யூசராக ‘டச்’ கட்டளையால் அந்த ஃபோல்டரில் ஒரு காலி ஃபைல் உருவாக்கிப் பாருங்கள், அழகாக உருவாகும். அதே யூசர், அதே ஃபோல்டர், ‘டச்’ எழுதுகிறது, நேம்டியால் எழுத முடியவில்லை. இதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால், வழியில் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

அவர் பெயர் ஆப்ஆர்மர். ஃபைல் பெர்மிஷன் ‘யார் கேட்கிறார்’ என்று பார்க்கிறது. ஆப்ஆர்மர் ‘எந்த நிரல் கேட்கிறது’ என்று பார்க்கிறது. நேம்டிக்கு என்று ஒரு விதிப் பட்டியல் இருக்கிறது: /எட்சி/பைண்ட் அடியில் படிக்கலாம், /வார்/லிப்/பைண்ட் அடியிலும் /வார்/கேஷ்/பைண்ட் அடியிலும் எழுதலாம், இப்படி. பட்டியலில் இல்லாத இடத்தில் நேம்டி கை வைத்தால் லினக்ஸின் மையமான கெர்னலே மறுத்துவிடும். அது ரூட்டாக இருந்தாலும் சரி, 777 இருந்தாலும் சரி. ‘டச்’ என்ற நிரலுக்கு அப்படிப் பட்டியல் எதுவும் இல்லை, அதனால்தான் அது எழுதிவிட்டுப் போகிறது. வம்பு என்னவென்றால், மறுப்பு நேம்டிக்குப் போய்ச் சேரும்போது சாதாரண ‘பெர்மிஷன் டினைட்’ என்றே போய்ச் சேர்கிறது. கேட்டவருக்கு யார் மறுத்தார்கள் என்றே தெரியாது. நாமும் பழக்கதோஷத்தில் பெர்மிஷன் மாற்றும் சிஹெச்மாடைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

நானும் ஓடியவன்தான். ஒரு நிறுவனத்தில் ஸோன் ஃபைல்களையெல்லாம் தனி டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்த இரவில், மவுண்ட் ஆன இடத்திலிருந்து கடைசி ஃபைல் வரை ஒவ்வொரு படியிலும் பெர்மிஷனைத் தளர்த்திக்கொண்டே போனேன். விடிகாலை நாலு மணிக்கு, கெர்னல் லாகைப் பார்த்தாயா என்று இன்னொருவர் கேட்டார். பார்க்கவில்லை. பார்த்ததும் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ராத்திரி முழுக்க நான் அவிழ்த்துவிட்ட பெர்மிஷன்களைத் திரும்பக் கட்டத்தான் மதியம் வரை ஆயிற்று.

நீங்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம். லேப் முடிந்து மாணவர்கள் போன பிறகு லாகிங் பகுதியைத் திரும்பத் திறந்துவிட்டு, ஒருமுறை ஸ்டார்ட் கொடுத்து விழ விடுங்கள். பிறகு இரண்டு இடங்களில் பாருங்கள்.

முதல் இடம் சர்வீஸின் சொந்த லாக். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் வழக்கமாகக் கடைசிப் பத்து வரியைத்தான் காட்டும். விழுந்த சர்வீஸை சிஸ்டம்டி திரும்பத் திரும்ப எழுப்பிப் பார்த்திருந்தால், அந்தப் பத்தில் பெரும்பகுதி ‘எழுப்பினேன், விழுந்தது, வேகவேகமாகக் கேட்கிறீர்கள், இனி எழுப்பமாட்டேன்’ என்ற அதன் புலம்பல்தான். காரணம் அதற்கு மேலே உருண்டு போயிருக்கும். அதனால் ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் யு நேம்டி மைனஸ் பி’ கொடுத்து, கடைசி முயற்சி எங்கே தொடங்குகிறது என்று தேடி, அங்கிருந்து கீழ்நோக்கிப் படியுங்கள். லாக் ஃபைலைத் திறப்பதற்கு முன்பே செத்துவிடுவதால், நேம்டியின் மரண வாக்குமூலம் இங்கேதான் கிடைக்கும். குவரி லாக் ஃபைலின் பெயரைச் சொல்லி பெர்மிஷன் டினைட் என்று ஒரு வரி, அடுத்து கான்ஃபிகரேஷனை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி, அப்புறம் ஃபேட்டல் எரரால் வெளியேறுகிறேன் என்று ஒரு வரி. கடைசி வரி எல்லாச் சாவுக்கும் பொது. ஃபைலின் பெயர் வருகிற வரிதான் உங்களுக்கு வேண்டியது. நடுவில் ‘மேக்ஸ்-கேஷ்-சைஸ் 90%’ என்றும், பைண்ட்.கீஸ் ஃபைலைத் திறக்க முடியவில்லை, உள்ளே இருக்கும் சாவிகளைப் பயன்படுத்துகிறேன் என்றும் வரிகள் வந்தால் பயப்படாதீர்கள். நன்றாக ஓடும் சர்வரிலும் அவை வரும்.

இரண்டாவது இடம் கெர்னல் லாக். ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் கே’ கொடுத்து, அதில் ஆப்ஆர்மர் என்ற சொல்லை கிரெப் கட்டளையால் தேடுங்கள். ஆடிட்டி என்ற கண்காணிப்பு சர்வீஸைப் போட்டிருந்தால் இந்த வரிகள் /வார்/லாக்/ஆடிட் அடியில் போய்ச் சேரும், அங்கே தேடுங்கள். வரி நீளமாக, பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் படிக்க வேண்டியது நாலே சொல். ஆப்ஆர்மர் என்பதற்கு எதிரே ‘டினைட்’. ப்ரொஃபைல் என்பதற்கு எதிரே நேம்டி. நேம் என்பதற்கு எதிரே உங்கள் லாக் ஃபைலின் முழு முகவரி. ரிக்வெஸ்டட் மாஸ்க் என்பதற்கு எதிரே ஓரிரண்டு எழுத்து, எழுதவோ உருவாக்கவோ அனுமதி கேட்டது என்று பொருள். இந்த நாலும் ஒரே வரியில் கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்தது.

இனி தீர்வு. அந்த விதிப் பட்டியல் /எட்சி/ஆப்ஆர்மர்.டி அடியில் யுஎஸ்ஆர்.எஸ்பின்.நேம்டி என்ற ஃபைலில் இருக்கிறது. திறந்து பாருங்கள். சிலருக்கு லாகை சிஸ்டத்தின் பொது லாகான சிஸ்லாக் வசம் விடாமல் /வார்/லாக்/நேம்டி ஃபோல்டரில் வைக்கத்தான் பிடிக்கிறது என்று எழுதியவர்களே ஒரு கமெண்ட் போட்டு, அந்த ஒரு ஃபோல்டருக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் உருவாக்கியதோ பைண்ட்9 என்ற பெயரில். இவ்வளவு தொல்லைக்கும் காரணம் ஃபோல்டரின் பெயர் ஒன்றுதான். ஆகவே பைண்ட்9-ஐ விட்டுவிட்டு /வார்/லாக்/நேம்டி என்று உருவாக்குங்கள், சிஹெச்ஓன் மூலம் பைண்ட் யூசருக்கும் பைண்ட் குரூப்புக்கும் கொடுங்கள், லாகிங் பகுதியில் முகவரியை மாற்றுங்கள். அவ்வளவுதான்.

வேறு இடத்தில்தான் வைத்தாக வேண்டும், லாகுக்கென்று தனி டிஸ்க் இருக்கிறது என்றால், அந்த விதி ஃபைலையே திருத்தாதீர்கள். அப்டேட் வரும்போது உங்கள் திருத்தமும் அவர்கள் திருத்தமும் முட்டிக்கொள்ளும். அதே ஃபோல்டருக்குள் லோக்கல் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் அதே பெயரில் இருக்கும் ஃபைலில் புது இடத்துக்கு இரண்டு வரி, ஃபோல்டருக்கு ஒன்று, அதன் அடியில் இருப்பவற்றுக்கு ஒன்று, கடைசியில் கமாவோடு சேருங்கள். பிறகு ‘ஆப்ஆர்மர்_பார்சர் மைனஸ் ஆர்’ கொடுத்து மூல விதி ஃபைலை மறுபடி ஏற்றுங்கள்.

ஆப்ஆர்மரையே அணைத்துவிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். 2001-இல் லயன் என்ற புழு பைண்ட் 8-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் லினக்ஸ் சர்வர்களுக்குள் புகுந்து பரவியது. டிஎன்எஸ் என்பது யார் அனுப்பும் பாக்கெட்டையும் வாங்கிப் படிக்க வேண்டிய வேலை. அப்படிப்பட்ட நிரலைச் சுற்றி வேலி இருப்பது நல்லது.

உங்கள் நண்பர் சொன்ன போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். அவர் காற்றில் சொல்லவில்லை, 53-ஆம் போர்ட் சண்டை உண்மையில் நடப்பதுதான். ஆனால் உங்கள் சர்வரில் இல்லை. ரிசால்வ்டி 127.0.0.53 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கிறது. நேம்டி ஒவ்வொரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸின் முகவரியையும் எண்ணி, அதில் தனித்தனியாகப் போய் உட்காரும். 127.0.0.1-இல் உட்காரும், பக்கத்து வீடான 127.0.0.53-க்குப் போகாது. டிஎன்எஸ்மாஸ்க் மாதிரி எல்லா முகவரியையும் வளைத்துப் போடும் ஆட்கள் ஏற்கெனவே ஓடினால்தான் மோதல். அப்படி மோதினாலும் நேம்டி சாவதில்லை. இந்த இன்டர்ஃபேஸை விட்டுவிடுகிறேன் என்று லாகில் எழுதிவிட்டு, மேலுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், பதில் மட்டும் சொல்லாது. ஓடுகிறது ஆனால் பதிலில்லை என்றால் போர்ட்டைப் பாருங்கள். ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் கான்ஃபிக்கையும் பெர்மிஷனையும் பாருங்கள். ‘எஸ்எஸ் மைனஸ் எல்என்டியுபி’ கொடுத்தால் 53-இல் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நிரலின் பெயரோடு தெரிந்துவிடும்.

இதே மாதிரிக் கடிதங்கள் ரெட் ஹேட் வகை சர்வர் வைத்திருப்பவர்களிடமிருந்தும் வருவதால் ஒரு வார்த்தை. அங்கே வேலிக்குப் பெயர் எஸ்ஈலினக்ஸ், யூசரின் பெயரும் நேம்டிதான், ஸோன் ஃபைல்கள் /வார்/நேம்டி அடியில். ஃபைலை ஹோம் ஃபோல்டரில் எழுதி அங்கிருந்து எம்வி செய்து கொண்டுவந்தால் பழைய பாதுகாப்பு லேபிளோடு வந்து மாட்டும், ரீஸ்டோர்கான் கொடுத்தால் சரியாகிவிடும். இன்னொரு வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. உபுண்டுவில் ஒரு ஸோன் ஃபைலில் தப்பு இருந்தால் அந்த ஸோன் மட்டும் ஏறாது, நேம்டி ஓடும். ரெட் ஹேட்டில் சர்வீஸ் தொடங்கும் முன்பே செக்கான்ஃபை மைனஸ் இஸட் போட்டு எல்லா ஸோனையும் சோதிக்கிறார்கள். ஒரு ஸோனில் ஒரு பெயருக்குப் பின்னால் புள்ளி விட்டுப்போனால்கூட மொத்த சர்வீஸும் கிளம்பாமல் நின்றுவிடலாம். சோதனை வெளியீட்டில் உங்கள் டொமைன் பெயர் இரண்டு முறை ஒட்டிக்கொண்டு தெரிந்தால் அந்தப் புள்ளிதான். பழைய 9.11 காலத்துக் கான்ஃபிக்கை 9.18-க்குக் கொண்டுவந்தவர்கள் டிஎன்எஸ்செக்-எனேபிள் என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த ஆப்ஷன் இப்போது இல்லை, இருந்தால் ஸ்டார்ட் ஆகாது. 9.20-க்குப் போகிறவர்களுக்கு ஆட்டோ-டிஎன்எஸ்செக்கும் அப்படியே.

மறுபடி உங்களுக்கு. நெட்டில் எடுத்த அந்த லாகிங் பகுதியில் சைஸ், வெர்ஷன்ஸ் என்ற இரண்டும் இருக்கிறதா பாருங்கள். 60 கணினிகள் ஒரு நாளில் கேட்கும் பெயர்கள் கொஞ்சநஞ்சமில்லை. சைஸ் இல்லாவிட்டால் ஃபைல் டிஸ்க்கை விழுங்கும். சைஸ் மட்டும் போட்டு வெர்ஷன்ஸ் போடாவிட்டால் அளவு நிரம்பியதும் எழுதுவதை நிறுத்திவிடும், நீங்களும் லேபில் யாருமே வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். இரண்டையும் போடுங்கள்.

உண்மையில் ஒருநாள் இரண்டு நாள் பார்த்தால் போதும் என்றால் லாகிங் பகுதியே தேவையில்லை. ஓடும் நேம்டிக்கு உத்தரவிடும் கட்டளை ஆர்என்டிசி. ‘ஆர்என்டிசி குவரிலாக் ஆன்’ என்று கொடுங்கள், வேடிக்கை பார்த்து முடிந்ததும் ‘ஆஃப்’. கான்ஃபிக்கைத் தொடவே வேண்டாம், வரிகள் ஜர்னலில் விழும். இந்த லாகில் பெயர்கள்தான் தெரியும், எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பது தெரியாது. பிரவுசரிலேயே தனி டிஎன்எஸ் வைத்துக்கொண்ட மாணவரின் பெயர் தேடல் இங்கே வரவே வராது. மாணவர்களுக்கும் லாக் எடுக்கிறோம் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். கான்ஃபிக் மாற்றியதும் ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள், ‘ஆர்என்டிசி ரீகான்ஃபிக்’ கொடுங்கள். ரீஸ்டார்ட் என்பது நன்றாக ஓடுகிறவரைக் கொன்றுவிட்டுப் புதியவர் எழுவாரா என்று பார்ப்பது. ரீகான்ஃபிக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் நேம்டியே, அதே பைண்ட் யூசராக, அதே ஆப்ஆர்மர் வேலிக்குள் இருந்து புது கான்ஃபிக்கை ஏற்றிப் பார்க்கிறது. முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் பழையதோடு ஓடிக்கொண்டிருக்கும். போன வாரம் இதைக் கொடுத்திருந்தால் லேபில் ஒருவருக்கும் தெரியாமல் இந்தத் தப்பைப் பார்த்திருப்பீர்கள்.

எல்லாம் சரியான பிறகு அந்த 777 ஃபோல்டரை அழித்துவிடுங்கள். புது ஃபோல்டருக்கு 750 போதும். கெர்னல் லாகில் நான் சொன்ன ‘டினைட்’ வரி வராமலே சர்வீஸ் விழுந்தால் என் கணிப்பு தப்பு. அப்போது கடைசி முயற்சியின் ஜர்னல் வரிகளை ஸ்கிரீன்ஷாட்டாக இல்லாமல் எழுத்தாக, முதல் வரியிலிருந்து நறுக்காமல் அனுப்புங்கள்.